நான்கு இடம் பார்த்த விளக்கு

நம் புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடல் கிடையாது. அறந்தாங்கிப் பகுதியும் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் கரையும் 1974-ல் மாவட்டம் அமைந்தபோதுதான் நம்மோடு சேர்ந்தன. அதனால் என் வயதுக்காரர்களில் பலர் முதலில் பார்த்த கலங்கரை விளக்கம் மெட்ராஸ் விளக்கம்தான். 'செத்த காலேஜ், உயிர் காலேஜ்' பார்த்துவிட்டு மெரினாவுக்குப் போவார்களே, அந்த வரிசையில் 1977-க்குப் பிறகு இதுவும் சேர்ந்தது.

மெரினாவில் நிற்பது நான்காவது விளக்கு. முதலாவது 1796-ல் ஜார்ஜ் கோட்டைக்குள், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் உச்சியில் எரிந்தது. அன்று துறைமுகமே இல்லை. கப்பல்கள் கரைக்கு எட்டத்தில் நங்கூரம் போட, ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலையைத் தாண்டி வரவேண்டும். துறைமுக வேலை தொடங்கியதே 1875 வாக்கில். துறைமுகத்துக்கு ஏறக்குறைய 80 வருஷம் மூத்தது விளக்கு! கலத்தைக் கரைந்து, அதாவது கூவி, அழைப்பதால் கலங்கரை என்பார்கள். காக்கை கரைகிறது என்கிறோமே, அதே கரைதல்.

இரண்டாவது, 1844-ல் ஏற்றிய கல்தூண். பிறகு பக்கத்திலேயே உயர் நீதிமன்றம் எழும்பியது. 1894-ல் விளக்கு அதன் உயரமான கோபுரத்துக்கு ஏறிவிட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சுட்ட குண்டுகளில் ஒன்று நீதிமன்ற மதிலில் பட்டது. அங்கே கல்வெட்டு இருக்கிறது. கெட்டிக்காரனை 'சரியான எம்டன்' என்று நம் பெரியவர்கள் சொன்னது அந்த இரவின் மிச்சம்.

மெரினா கோபுரத்தில் லிஃப்ட் உண்டு. எண்பதுகளில் பிள்ளைகளோடு ஏறியிருக்கிறேன். மேலே காற்று வேட்டியைப் பறித்துக்கொண்டு போகும்; கட்டுமரங்கள் எறும்பாகத் தெரியும். தொண்ணூறுகளில் பாதுகாப்புக் காரணம் சொல்லிப் பார்வையாளர்களை நிறுத்தினார்கள். 2013 நவம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். இடையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கீழிருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி. அது எனக்கு இன்னும் மனத்தாங்கல்தான். இப்போது அருங்காட்சியகமும் வைத்திருக்கிறார்கள்.

என் கட்சி என்னவோ அந்த 1844 தூண்தான். வெளிச்சத்தை இழந்து 130 வருஷம் ஆகியும் நீதிமன்ற வளாகத்தில் அசையாமல் நிற்கிறது. 2004-ல் மதுரைக் கிளை வரும்வரை நம் ஊர் வழக்குகள் அங்கேதான் போயின. வாய்தாவுக்குப் போய் அதன் அடியில் கட்டுச்சோறு பிரித்தவர்கள் நம்மில் உண்டு. நிழல் தந்த அந்தத் தூண் ஒருகாலத்தில் கப்பலுக்கு வழி காட்டியது என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?