குழந்தை கடத்தல் வதந்தி (2018)

இந்தியாவில் 2018ஆம் ஆண்டு வாட்ஸ்அப் வழியே பரவி, பல மாநிலங்களில் கும்பல் கொலைகளுக்குக் காரணமான பொய்ச்செய்தி. வெளிமாநிலக் கும்பல்கள் குழந்தைகளைக் கடத்துவதாக அந்தந்த வட்டார மொழியில் குரல்பதிவுகளும் காணொளிகளும் சுற்றின. அதிகம் பகிரப்பட்ட காட்சி ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்கின்றனர். அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டும் இறுதிப் பகுதியை யாரோ வெட்டி நீக்கியிருந்தனர். நடித்துக் காட்டிய காட்சியை அதன் முடிவின்றிக் காட்டியது, இப்பொய் எளிதாக நம்பப்பட உதவியது.

மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்குச் செல்லும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ரெயின்பாடாவில் ஐவர் பலியாயினர். ஊருக்கு அந்நியர் என்பதைத் தவிர இவர்கள்மேல் சந்தேகப்பட எதுவும் இல்லை.

அதே மாதம் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தத் தொடங்கியது. 2019 ஜனவரியில் இது உலகெங்கும் விரிவானது. வதந்திகள் பரவும் வேகம் குறைந்ததே தவிர, முதலில் அனுப்பியவரைக் கண்டறிவது கடினமாகவே நீடித்தது.