மாற்றுறுப்பும் மறுபடைப்பும்: ஈசாப்பூர்த் துப்பாக்கிகளின் காலக்கணிப்பு

‘த்ரீ நாட் த்ரீ’ என வழங்கும் லீ-என்ஃபீல்டு துப்பாக்கி, இந்தியக் காவல்துறைகளில் பல பத்தாண்டுகள் புழங்கிய படைக்கலமாகும். உத்தரப்பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடு இதற்கு விடைகொடுத்தது. திருவள்ளூர் மாவட்டத்தின் ஆவடி, படைக்கலத் தொழிற்சாலைகளும் சிறப்புக் காவல் அணிகளும் அருகருகே அமைந்த ஊர். இத்தகைய இடங்களில் பணிநீக்கம் பெறும் துப்பாக்கிகளைக் காட்சிப்பொருளாக்கும்போது, அவற்றின் ஆண்டை எவ்வாறு உறுதிசெய்வது என்பதே முதல் வினா.

இவ்வகையின் மூன்றாம் வடிவம் 1907இல் ஏற்கப்பட்டது. போர்க்காலச் சிக்கனத்தால் எளிமையாக்கப்பட்ட ‘மார்க் 3 ஸ்டார்’ 1916இல் வந்தது. வங்காளத்தின் ஈசாப்பூர்த் தொழிற்சாலை இவ்விரண்டையும் செய்தது. அடிக்கட்டை பொருந்தும் இரும்புப் பகுதியின் வலப்புறத்தில் முடிச்சின்னம், ‘ஜி.ஆர்.ஐ.’ எழுத்துகள், ஆலைப்பெயர், ஆண்டு, வடிவக்குறி ஆகியன பொறிக்கப்பட்டன. ஆயின் அவ்வாண்டு அந்த உடற்பகுதிக்கு மட்டுமே உரியது. குழல், போல்ட், குறிபார்க்கும் தகடு, முன்கட்டை ஆகியவை பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம்.

வரிசை எண்கள் பொருந்தாவிடில் துப்பாக்கி போலி என முடிவுகட்டுவது பரவலான பிழை. பட்டறையில் சீரமைத்தபோது பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணைப் பொறிப்பது வழக்கம். பொருந்தா எண் பெரும்பாலும் உழைத்த துப்பாக்கியின் சான்றே. மாறாக, எல்லா உறுப்புகளிலும் ஒரே அச்சில், ஒரே ஆழத்தில், தேய்மானமின்றி எண்கள் அமைந்திருப்பதே கூடுதல் ஐயத்துக்குரியது. முன்கட்டையின் குறுக்கே செல்லும் ‘ஈசாப்பூர்த் திருகு’ மரத்தை வலுப்படுத்த இந்தியாவில் சேர்த்த உண்மையான திருத்தம். காவலருக்காக .410 அளவுக்கு மாற்றி, தோட்டாப்பெட்டியின் இடத்தை மரத்தால் அடைத்த ஒற்றைச்சுடு மஸ்கட்டுகளும் அத்தகையவையே. 1960களின் 7.62 மி.மீ. ‘2ஏ’ வகைக்குரிய சதுரத் தோட்டாப்பெட்டி .303 துப்பாக்கியில் காணப்பட்டாலோ, அவ்வுறுப்பு உண்மையானது, இடம்தான் பொய்.

எல்லைப்புற தர்ரா பட்டறைகளின் கைவினைப் படிகள் எழுத்தாலேயே சிக்கும். ஆங்கில ‘என்’ எழுத்து தலைகீழாகத் திரும்பியிருக்கும். ‘என்ஃபீல்டு’ எழுத்துப்பிழையோடு நிற்கும். 1901இல் மறைந்த விக்டோரியாவின் சின்னம் பிந்தைய ஆண்டோடு சேர்ந்திருக்கும். அரசமரபின் காலவரிசையை அறியாத கைகள் அவை.

இன்றைய மறுபடைப்புகள் அத்துணை எளிதில் பிடிபடா. இங்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற வார்ப்பு, இயந்திரத் தொழில்மையங்களின் பட்டறிவு வரலாற்றாளருக்கு உதவும். பழைய உறுப்புகள் பெரும்பாலும் இரும்பை அடித்து வடித்துப் பின் கடைந்தவை. வெட்டுளி சென்ற இணைகோடுகள் உட்புறத்தில் எஞ்சியிருக்கும். வார்ப்புறுப்பிலோ மேற்பரப்பு நுண்மணலாய்ச் சொரசொரத்து, எழுத்தின் விளிம்புகள் மழுங்கியிருக்கும். வெளிப்புறத்தை மெருகிடுவோர் உட்புறத்தை அரிதாகவே தொடுவர். எனவே ஆய்வு திருகுகளைக் கழற்றியே தொடங்கவேண்டும்.

இதில் சட்டமும் உண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டம் பொதுவாக நூறாண்டைத் தொல்பொருளின் எல்லையாகக் கொள்கிறது. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழுதுநீக்கினாலும் சுடவியலாத தொன்மையான கருவிகளுக்கு விலக்களிக்கிறது. 1916ஆம் ஆண்டின் உடற்பகுதியில் இயங்கும் புதிய போல்ட் பொருத்தப்பட்டால், காட்சிப்பெட்டியிலுள்ள பொருள் அவ்விலக்கை இழக்கக்கூடும். பதிவேட்டில் ஒவ்வோர் உறுப்பின் எண்ணையும் தனித்தனியே குறிப்பது அருங்காட்சியகத்தாருக்குச் சுமையே. எனினும் ‘1916, ஈசாப்பூர்’ என்ற ஒற்றை வரிப் பதிவு போதாது.