கையெழுத்துக்கு முன் விழுந்த கத்தரி

போன வாரம் மசோதாவை நியூயார்க் ஆளுநர் கேத்தி ஹோக்கலின் மேசையில் விட்டுவிட்டு வந்தோம். கைபேசி, மடிக்கணினி செய்யும் நிறுவனங்கள் உதிரிபாகம், கருவி, பழுதுநீக்கும் கையேடு மூன்றையும் வெளிக்கடைக்காரருக்கும் வாங்கியவருக்கும் நியாயமான விலையில் தர வேண்டும் என்ற மசோதா. கீழவையில் 145 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒரே ஒருவர். செனட்டில் 59-க்கு 4.

அங்கே ஆளுநர்தான் மாநில அரசின் தலைவர். அவர் தடுத்துவிட்டால் அத்தனை ஓட்டும் வீணாகலாம்.

ஜூனில் நிறைவேறியது. இதோ, 2022 டிசம்பர் 28. கையெழுத்து இன்னும் விழவில்லை.

ஏன்?

பெரிய நிறுவனங்களின் சங்கமான டெக்நெட் சும்மா இருக்கவில்லை. இதை மாற்றுங்கள், அதை நீக்குங்கள் என்று ஆளுநர் அலுவலகத்தை விடாமல் நெருக்கியது. அனுபவமில்லாதவர் கைவைத்தால் காயம்படும், பாதுகாப்புப் பூட்டு உடையும் என்ற அச்சம் ஹோக்கலிடம் குடியேறியது.

நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் ஒரு வழக்கம் உண்டு. ஆளுநர் திருத்தம் கேட்பார். ஒத்துக்கொண்டால் கையெழுத்து. மறுத்தால் பெரும்பாலும் மசோதா செத்தது.

கீழவையில் மசோதாவைக் கொண்டுவந்தவர் பாட்ரீஷியா ஃபேஹி. வருடக்கணக்காக இதே மசோதா முட்டி மோதித் திரும்பியதைப் பார்த்தவர். அரைச் சட்டமா, வெறுங்கையா?

அவர் இசைந்தார்.

கத்தரி விழுந்தது. 2023 ஜூலை 1-க்கு முன் விற்ற கருவிகளுக்குச் சட்டம் பொருந்தாது. நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் வாங்குபவை வெளியே. ஆபத்து என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டால் ஒற்றை உதிரிபாகத்துக்குப் பதில் பல பாகங்கள் சேர்ந்த முழுத் தொகுப்பையே தலையில் கட்டலாம்.

எல்லாவற்றையும்விட வலிப்பது பூட்டு விஷயம். பூட்டைத் திறக்கும் குறியீட்டைத் தர வேண்டியதில்லை என்றாகிவிட்டது. மறுசுழற்சிக் கூடத்துக்கு வரும் மடிக்கணினியில் போர்டு நன்றாக இருக்கும், திரை நன்றாக இருக்கும். பூட்டியிருக்கும். இன்னொருவர் மேசையில் பல வருடம் உழைக்க வேண்டியது அரவை இயந்திரத்துக்குள் போகும். இது அநியாயம்.

ஹோக்கல் கையெழுத்திட்டார். மின்னணுக் கருவிகளின் பழுதுநீக்கத்துக்காக அமெரிக்காவில் பிறந்த முதல் சட்டம்!

ஆனால் இதற்காகவே ஆல்பனி படியேறிய பழுதுநீக்குநர் லூயி ராஸ்மன் கொண்டாடவில்லை. உயிரை எடுத்துவிட்டுச் சட்டம் என்கிறார்களே என்று காணொளியில் கொதித்தார். அவர் கோபம் நியாயம். ஃபேஹி இசைந்ததும் சரியே என்பேன். முதல் கதவு திறக்காமல் அடுத்த மாநிலம் துணியாது.

துணிந்தது மினசோட்டா. பிறகு கலிஃபோர்னியா. ஆப்பிளின் சொந்த வீடு. 2022-இல்தான் அங்கே மாநில செனட்டர் சூசன் எக்மனின் இதே போன்ற மசோதா குழுவிலேயே மடிந்திருந்தது. மீண்டும் கொண்டுவந்தார்.

2023 ஆகஸ்டில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியது ஆப்பிள். ஆண்டுக்கணக்காக எதிர்த்துவந்த அதே ஆப்பிள்.

மசோதாவை ஆதரிக்கிறோம் என்றது கடிதம்!

ஏன்? பதில் அந்தக் கடிதத்தில் கேட்டிருந்த நிபந்தனைகளில் இருக்கிறது.

(அடுத்த வாரம்)