பழங்கட்டடத்தில் புது அடுப்பு: காரைக்கால் கடற்கரைப் பகுதியில் மரபுக் கட்டட மறுபயன்பாடு

முன்னுரை
1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால், 1954 நவம்பர் 1இல் நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. அவ்வாட்சிக்காலக் கட்டடங்களின் எதிர்காலம் இப்பகுதி வரலாற்றாய்வுக்குரிய வினாவாகும். அண்டை ஊர்கள் கண்ட விடைகளுள் ஒன்றான உணவக மறுபயன்பாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு சான்றுகள்
1620இல் டேனியர் குடியேறி, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்ற தரங்கம்பாடி காரைக்காலுக்கு வடக்கே உள்ளது. அங்கு ஆங்கிலேய ஆட்சியரின் இல்லமாயிருந்த கடற்கரை மாளிகையை நீம்ரானா நிறுவனம் விடுதியாக மாற்றியது. புதுச்சேரி ரொமென் ரோலன் தெருவில், பிரெஞ்சுக்காலக் கல்வித்துறை இயங்கிய மாளிகையும் அந்நிறுவனத்தால் 'ஓத்தேல் த லோரியான்' விடுதியாயிற்று. அதன் முற்றத்தில் உணவு பரிமாறப்படுகிறது. காற்றுக்கும் நிழலுக்கும் வகுக்கப்பட்ட தாழ்வாரமும் முற்றமும் விருந்தினர் அமர்வதற்கு எளிதில் இடந்தருகின்றன. சிக்கல் சமையற்கூடத்தில்தான் எழுகிறது.

அடுப்பும் கூரையும்
இப்பகுதியின் 'மெட்ராஸ் டெரஸ்' கூரை, தேக்குச் சட்டங்களின்மேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து அமைக்கப்படுவது. இத்தாலியப் பீட்சாவுக்கான விறகடுப்போ ஏறத்தாழ 400 பாகை செல்சியசு வெப்பத்தில் இயங்குவது. அதனை மரச்சட்டக் கூரையின்கீழ் அமைப்பது தீ இடருக்கு வழிகோலும். புகைபோக்கிக்காகக் கூரையைத் துளைப்பின் மழைநீர் கசிந்து சட்டங்கள் உளுத்துப்போகும். எனவே அடுப்பைக் கொல்லைப்புறத்தில் தனிக்கட்டாக அமைப்பதே தக்கது.

சுவருக்கும் இஃது பொருந்தும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சிமெண்டுப் பூச்சோ ஈரத்தையும் கடலோர உப்பையும் உள்ளே அடைத்துச் செங்கல்லை அரிக்கச் செய்யும். எளிதில் கழுவுவதற்கென ஒட்டப்படும் ஓடுகளும் அத்தீங்கையே விளைவிக்கும்.

முடிவுரை
பயனற்றுப் பூட்டிக் கிடக்கும் கட்டடம் விரைவில் சிதையும் என்பதால் உணவகமாக்குதலை முற்றிலும் மறுப்பதற்கில்லை. ஆயினும் கட்டடம் ஓர் ஆவணமுமாகும். கல்வி அலுவலகத்தின் சுவர் உணவுக்கூடத்தின் பின்னணியாக மட்டும் எஞ்சுமாயின், கட்டடம் பிழைத்தும் வரலாறு அழிந்ததாகவே அமையும். ஆதலின் மாற்றத்திற்கு முன் அளவு வரைபடம், பூச்சடுக்குகள், அறைகளின் முந்தைய பயன் ஆகியவற்றைப் பதிவுசெய்தல் இன்றியமையாதது. காரைக்காலில் இப்பணியை வணிகம் வந்து சேருமுன் ஆய்வாளர் தொடங்குதல் வேண்டும்.