அட்டையில மிச்சமிருந்த விளம்பரம்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் பெட்டிக்கடையில ஒருத்தர் சில்லறையா ஒரு சிகரெட் கேட்டார். கடைக்காரர் பாக்கெட்டில இருந்து ஒண்ணை உருவிக் கொடுத்தார். அட்டையில இருந்த புற்றுநோய்ப் படம் வாங்கினவர் கண்ணுலயே படலை. அந்தப் படம் அங்க வந்து சேர்ந்த கதை இருக்கே, பெரிய கதைங்க.

1996 கிரிக்கெட் உலகக் கோப்பைக்குப் பேரே வில்ஸ் கோப்பை. நம்ம டீம் சட்டையிலயும் அதே பேர். 2001-ல் ஐடிசி அந்த ஸ்பான்சரை விட்டுச்சு. 2003 சட்டம் டிவி, பத்திரிகை விளம்பரத்தையெல்லாம் தடை செய்தது. மிச்சம் கடைப் பலகையும் பாக்கெட்டும்தான். அதனால அடுத்த சண்டை முழுக்க அட்டைக்கு!

எச்சரிக்கைப் படம் போடணும்னு 2006-ல் அறிவிப்பு. தள்ளித் தள்ளி அமலானது 2009 மே 31-ல். அதுக்குள்ள மண்டை ஓடு காணாமப் போச்சு. முன்பக்கத்துல மட்டும் 40 சதவீத இடம். சிகரெட்டுக்கு நுரையீரல், மெல்லுற புகையிலைக்குத் தேள்.

2014 அக்டோபர்ல, இரண்டு பக்கமும் 85 சதவீதம்னு அரசு சொன்னது. 2015 ஏப்ரல் 1 முதல் வரணும். நாடாளுமன்றக் குழு ஒண்ணு தள்ளிப்போடச் சொல்லிடுச்சு. புகையிலையால புற்றுநோய் வரும்னு இந்திய ஆய்வே இல்லைன்னார் குழுத் தலைவர் திலீப் காந்தி. குழு உறுப்பினர்ல ஒருத்தர் அலகாபாத் எம்.பி. ஷியாமா சரண் குப்தா. அவருக்குத் தொழில்? பீடி! பீடி சுத்துறவங்க பிழைப்பு போயிடும்னு வாதம் வேற. வேலூர்ப் பக்கம் பீடி சுத்துற பெண்களோட கூலிக்கு இவ்வளவு வேகமா யாரும் குழு கூட்டினதா எனக்குத் தெரியலை.

ஒருவழியா 2016 ஏப்ரல் 1-ல் 85 சதவீதம் வந்தது. பெரிய கம்பெனிகள் ஆலையை மூடி எதிர்ப்பு காட்டின. 2017 டிசம்பர்ல கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்ய, அடுத்த மாசமே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

எங்க ஊர்க்காரர் அண்ணா 1969-ல் புற்றுநோயில இறந்தவர். காரப்பேட்டையில அவர் பேர்லதான் புற்றுநோய் மருத்துவமனை. தறி நெய்யுற எங்க பெரியப்பாவுக்கும் வாயில புகையிலை அடக்குற பழக்கம். கடைசி ரெண்டு வருஷம் அங்கதான் அலைஞ்சோம்.

2010-ல் அவருக்குப் பொட்டலம் வாங்கிட்டு வர்றது என் வேலை. அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. அதுல இருந்த தேள் நல்லா ஞாபகம் இருக்கு. ரொம்ப நாள் அதைக் கம்பெனி சின்னம்னே நினைச்சிட்டு இருந்தேன். "தேள் மார்க் குடுங்க"ன்னுதான் கேட்டு வாங்குவேன்.