வாக்குக் கேட்பவரின் வாக்கும் செயலும்

வாக்குரிமை நம் சமுதாயத்திற்கு எளிதில் வந்தடைந்த பொருளன்று. சொத்தும் வரியும் கல்வியும் உடையோர்க்கே வாக்கு என்றிருந்த ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், நம் முன்னோருள் மிகப் பெரும்பாலோர் வாக்குச் சாவடியின் வாயிலையே கண்டதில்லை. 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டமே வயது வந்தோர் அனைவர்க்கும் அவ்வுரிமையை வழங்கிற்று. 1989-ஆம் ஆண்டு முதல் 18 வயது நிரம்பிய இளைஞரும் அதனைப் பெற்றுள்ளனர். பெற்ற உரிமையை எவ்வாறு பயன்கொள்வது என்பதே நம்முன் நிற்கும் வினா.

தமிழகச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளுள் 44 தொகுதிகள் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டுள்ளன. அத்தொகுதிகளில் எந்தக் கட்சி நிறுத்தினாலும் வேட்பாளர் நம் மக்களுள் ஒருவரே. ஆகவே, 'இவர் நம்மவரா?' என்னும் வினாவிற்குச் சட்டமே விடை கூறிவிடுகிறது. 'வென்றபின் இவர் யாருக்காக நிற்பார்?' என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. அதற்கான விடை வேட்பாளரின் ஒழுக்கத்திலும் கொள்கை உறுதியிலும் அடங்கியுள்ளது.

பூனா ஒப்பந்தம் புகட்டும் பாடம்

1932 ஆகஸ்டு மாதம் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மக்டொனால்டு வெளியிட்ட வகுப்புத் தீர்ப்பு, நம் பிரதிநிதிகளை நாமே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதிகளை அளித்தது. அதனை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு மேற்கொண்டார். செப்டம்பர் 24-ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சென்னை மாகாணத்தில் நமக்குரிய இடங்கள் 18-லிருந்து 30 ஆக உயர்ந்தன. ஆயினும் தேர்தல் முறை மாறிற்று. முதற்கட்டத்தில் நம் வாக்காளர்கள் நால்வரைத் தேர்வர். அந்நால்வருள் ஒருவரை எல்லா வகுப்பாரும் கூடித் தேர்வர்.

இதன் விளைவு என்ன? 1945-46 தேர்தலில் டாக்டர் அம்பேத்கரின் ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனம் முதற்கட்டத்தில் நம் மக்களின் ஆதரவை நன்கு பெற்ற இடங்களிலும் இறுதிக் கட்டத்தில் வீழ்ந்தது. நால்வருள் யார் அடங்கிப் போவார் என்று பிறர் எடை போட்டனர். அந்த முதற்கட்ட முறை இன்று இல்லை. ஆனால் அந்த எடைபோடல் நின்றுவிடவில்லை. பிறர் எடை போடும்போது நாமும் எடை போட வேண்டாமா?

நிலைப்பாடு மாறுவதும் நிறம் மாறுவதும்

கொள்கை உறுதி என்றால் ஒருமுறை சொன்னதையே என்றும் சொல்லிக்கொண்டிருப்பது எனச் சிலர் கருதுவர். எம்.சி. ராஜா அவர்களின் வாழ்வு அக்கருத்தைத் திருத்தும். 1922-ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில், இழிவு தரும் பெயர்களை நீக்கி 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை அரசு வழங்க வேண்டும் எனத் தீர்மானம் கொண்டு வந்தவர் அவர். தனித் தொகுதி முறையை ஆதரித்து வந்த அவரே, 1932-இல் டாக்டர் மூஞ்சேயுடன் உடன்பாடு கண்டு, இட ஒதுக்கீட்டுடன் கூடிய கூட்டுத் தொகுதியை ஏற்றார். இரட்டைமலை சீனிவாசனும் அம்பேத்கரும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர்.

ராஜாவின் அம்முடிவு சரியா, தவறா என்பதில் இன்றும் நம்மிடையே இரு கருத்து உண்டு. ஆனால் அதன்பின் அவர் செய்ததையும் சேர்த்தே எண்ண வேண்டும். 1938-இல் ராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டத்தை நிறைவேறச் செய்தார். கோயில் நுழைவு மசோதாவையும் கொண்டு வந்தார். ஆளுங்கட்சி துணை நில்லாததால் அம்மசோதா தோற்றது. தாம் நம்பி உடன்பட்டவர்களே கைவிட்டபோது அவர் வாளாவிருக்கவில்லை, வெளிப்படையாகக் கண்டித்தார். 1942-இல் கிரிப்ஸ் திட்டத்தை எதிர்த்து, முன்பு தம்மோடு மாறுபட்ட அம்பேத்கருடன் இணைந்து கடிதம் எழுதினார். வழி மாறிற்று, குறிக்கோள் மாறவில்லை. மாற்றத்தை அவர் மறைக்கவும் இல்லை.

இரட்டைமலை சீனிவாசன் வாழ்வு வேறொரு பாடம் தரும். 1893-இல் இதழ் தொடங்கி நம் குறைகளை எழுதியவர். 1924-இல் பொதுச் சாலை, பொதுக் கிணறு ஆகியவற்றை யாவரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேறச் செய்தார். பேச்சுக்கும் செயலுக்கும் இடையே முப்பது ஆண்டுகள் கடந்தும் பொருள் ஒன்றாகவே இருந்தது.

பதவியா, கொள்கையா என்ற நிலை வந்தபோது எதைத் துறந்தார் என்பது இறுதிச் சோதனை. 1951-இல் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டது முதலிய காரணங்களால் அம்பேத்கர் சட்ட அமைச்சர் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த முதல் பொதுத் தேர்தலில் வடக்கு பம்பாய்த் தொகுதியில் அவர் தோல்வியுற்றார். அரசியல் சட்டம் வகுத்த மேதையையே வாக்காளர் கைவிட்டனர் என்றால், ஆராயாது அளிக்கும் வாக்கின் கேடு எத்தகையது!

அண்மை வரலாறும் எச்சரிக்கிறது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள், நம்மவர் தலைவராய் அமராவண்ணம் ஆதிக்கச் சாதியினர் தடுத்தனர். வென்ற உடனே விலகுதற்கென்றே சிலர் நிறுத்தப்பட்டனர். மேலவளவிலோ, அச்சுறுத்தலுக்கு அஞ்சாது ஊராட்சித் தலைவரான முருகேசன் 1997 ஜூன் 30-ஆம் நாள் தோழர்களுடன் வெட்டிக் கொல்லப்பட்டார். விலகுவதற்கென நிறுத்தப்பட்டவர் வகித்ததும் உயிர் கொடுத்தவர் வகித்ததும் ஒரே பெயருடைய பதவிதான்.

நாம் கேட்க வேண்டியவை

இளைஞர்களே! வேட்பாளர் நம் தெருவிற்கு வரும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். தேர்தலுக்கு முன் நம் சுடுகாட்டுப் பாதைக்கும், குடிநீருக்கும், விடுதி மாணவர்க்கும் இவர் என்ன செய்தார்? நிலைப்பாட்டை மாற்றியிருந்தால் காரணத்தை வெளிப்படையாகச் சொன்னாரா, அம்மாற்றத்தால் பயன் பெற்றவர் யார்? வன்கொடுமை நேர்ந்த நாளில் தம் கட்சித் தலைமை வாய்மூடியிருந்தபோது இவர் வாய் திறந்தாரா?

சொத்து விவரமும் குற்ற வழக்குகளும் வேட்பாளரே உறுதிமொழிப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் நடைமுறைக்கு வந்துள்ளது. எழுதப் படிக்கக் கற்ற ஒவ்வொருவரும் அதனைப் படித்து, படிக்க இயலாத பெரியோர்க்கு எடுத்துரைத்தல் கடமை. வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்து, ஒருவரின் செயலையே உரைகல்லாகக் காட்டினார். ஒரு நாள் பெறும் பணம் ஐந்தாண்டுக் குரலை விற்ற விலையாகும்.

கல்விச் சங்கங்களை நம் முன்னோர் தோற்றுவித்தது வேலைக்காக மட்டுமன்று. ஆராய்ந்து தெளியும் அறிவிற்காகவும் ஆகும். அவ்வறிவு வாக்குச் சாவடியில் விளங்கட்டும்.