மணலில் எழுத்துப் பழகியவர்

தியானப் பகுதி: எரேமியா 29:4–7



ஒரு மகனோ மகளோ கடல் கடந்து வாழாத குடும்பம் இன்று நம் திருச்சபைகளில் குறைவு. துபாய், தோகா, சிங்கப்பூர், டொராண்டோ ஆகிய ஊர்ப் பெயர்கள் நம் ஜெப விண்ணப்பங்களில் வாரந்தோறும் இடம்பெறுகின்றன. அப்படிச் சென்றவர்களில் சிலர் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து வரும்போது ஆழமும் பொறுமையும் பெற்ற மனிதர்களாய் வருகிறார்கள். வேறு சிலரோ, புறப்பட்ட நாளில் என்னென்ன எண்ணங்களைச் சுமந்து சென்றார்களோ, அவற்றையே பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். ஒரே ஊர், ஒரே வகை வேலை, அதே அளவு காலம். ஆயினும் இந்த வேறுபாடு எதனால் உண்டாகிறது?

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதருக்கு எரேமியா எழுதிய கடிதம் இந்தக் கேள்வியைத்தான் தொடுகிறது. அதற்கு முந்தின அதிகாரத்தில், இரண்டு ஆண்டுகளுக்குள் எல்லாம் முடிந்து ஊர் திரும்பிவிடலாம் என்று அனனியா உரைத்தான். கேட்பதற்கு இனிமையான வார்த்தை அது. எரேமியாவோ எழுபது ஆண்டுகள் என்றார். ஆகவே அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடித்து வையுங்கள், நீங்கள் சிறையிருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று கர்த்தருடைய பெயரால் எழுதினார். இரண்டாண்டுக் கணக்கில் வாழ்பவன் பெட்டியைப் பிரிப்பதில்லை. எழுபதாண்டுக் கணக்கில் வாழ்பவனே அந்த ஊரின் மண்ணைத் தோண்டி விதைப்பான்.

எழுபதாண்டுக் கணக்கில் வாழ்ந்த ஒருவரைக் காண நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் கடற்கரைக்கே வந்து சேர்ந்த ஓர் அந்நியரின் வாழ்க்கை அதற்குப் போதுமான சான்று. பர்த்தலோமேயு சீகன்பால்குவை நாம் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவராக, நமக்குக் கற்பித்தவராக நினைவுகூருகிறோம். இன்று அவரை வேறொரு கோணத்தில் காணுமாறு உங்களை அழைக்கிறேன்: அந்நிய மண்ணில் கற்றுக்கொண்டவராக.

சாக்சனி நாட்டின் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682-இல் பிறந்த அவர் இளமையிலேயே பெற்றோரை இழந்தவர், உடல்நலமும் குன்றியவர். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்ப, உடன் ஊழியரான ஹென்ரிக் புளுட்சோவுடன் 1705 நவம்பரில் கப்பலேறினார். ஏழு மாதங்களுக்கு மேல் கடலில் கழித்து, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடி வந்தடைந்தார். அப்போது அவருக்கு ஏறத்தாழ 24 வயது. தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதருடன் 1620-இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் டேனியருக்குக் கிடைத்த வணிகத்தலம் அது. அங்கிருந்த ஆளுநர் ஹாசியுஸ் இவ்விருவரையும் வரவேற்கவில்லை. மிஷனரிகளின் வருகை வணிகத்துக்கு இடையூறாகும் என்பதே அங்கிருந்த ஐரோப்பியரின் எண்ணம்.

இந்நிலையில் வேறொருவர் ஊர் திரும்ப நாள் எண்ணத் தொடங்கியிருக்கலாம். அல்லது கடற்கரை ஊர்களில் பலரும் அறிந்திருந்த கலப்புப் போர்த்துகீசிய மொழியை மட்டும் கற்று, மற்றவற்றுக்கு மொழிபெயர்ப்பாளரை நம்பிக் காலத்தை ஓட்டியிருக்கலாம். அந்நாளைய ஐரோப்பியர் பலர் அவ்வாறே வாழ்ந்தனர். சீகன்பால்கு தமிழைத் தேர்ந்தார். முதிய தமிழ் ஆசிரியர் ஒருவரை, அவருடைய பள்ளிப் பிள்ளைகளோடு தம் வீட்டிலேயே வந்து பள்ளி நடத்துமாறு வேண்டிக்கொண்டார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்து வரைந்தார்கள். குருப்பட்டம் பெற்ற அந்த ஐரோப்பியரும் அவர்களோடு அமர்ந்து மணலில் எழுதினார்.

அன்பர்களே, இந்தக் காட்சியைச் சற்று நின்று நோக்குங்கள். ஹாலேயில் இறையியல் பயின்றவர். அரசரின் ஆணையோடு வந்தவர். அவருடைய விரல் 'அ' என்னும் எழுத்தின் வளைவில் தடுமாறுகிறது. அருகிலிருக்கும் சிறுவன் அதைப் பிழையின்றி எழுதிவிடுகிறான். பரலோக ராஜ்யத்தில் யார் பெரியவன் என்று கேட்ட சீஷருக்கு முன்பாக நம் ஆண்டவர் ஒரு பிள்ளையை நிறுத்தினாரே, அந்த மத்தேயு 18-ஆம் அதிகாரத்தின் விளக்கவுரை அந்த மணலில் எழுதப்பட்டது என்பேன். அந்நிய தேசத்தில் வளர்ச்சி தொடங்கும் இடம் இதுவே. அங்கே நம் பட்டமும் வயதும் சற்றே ஒதுங்கி நிற்க, நாம் மறுபடியும் பிள்ளைகளாகிறோம். அதற்குச் சம்மதிக்கிறவர் வளர்கிறார். அதை அவமானமாக எண்ணுகிறவர் தம்மைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்கிறார்.

பின்னர், ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்திருந்த அழகப்பன் என்பவரின் துணையும் அவருக்குக் கிடைத்தது. காலைப் பொழுதில் பல மணி நேரம் தமிழ் நூல்களை மட்டுமே வாசிப்பது அவருடைய ஒழுங்காயிற்று. ஒரே நூலை, அதில் அறியாத சொல் ஒன்றுகூட எஞ்சாத வரையில், மீண்டும் மீண்டும் வாசித்தார்.

மொழி நாவுக்கு வந்துவிட்டால் மனமும் மாறிவிடும் என்று கருத வேண்டாம். மனமாற்றம் அதைவிடக் கடினமானது. வந்த தொடக்க காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அவரே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஊர்ப்புறத்துக் கோவில் ஒன்றில் மண் உருவங்கள் இருக்கக் கண்டு, பக்தி வைராக்கியத்தில் சிலவற்றின் தலைகளை உடைத்தெறிந்தார். அதைக் கண்ட அவ்வூர் ஆசிரியர் ஒருவர், இவை தெய்வங்களல்ல, தெய்வத்தின் போர்வீரர்களே என்று அவருக்கு விளக்கினார். தாம் உடைத்தது இன்னதென்றே அறியாமல் உடைத்திருக்கிறார் அந்த இளைஞர்! அறியாமையும் வைராக்கியமும் கூடினால் மனிதன் என்ன செய்வான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. தேடித் தேடிச் சுவடிகளைச் சேர்த்தார். 1708-இல், தாம் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைப் பற்றி விவரப் பட்டியல் ஒன்றை எழுதினார். அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்று நீதிநூல்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். ஐரோப்பியர் பலர் இம்மக்களை நாகரிகமற்றவர்கள் என எண்ணுகிறார்கள் என்றும், மொழியையும் நூல்களையும் அறியாததே அவ்வெண்ணத்துக்குக் காரணம் என்றும், தாமும் வந்த புதிதில் தவறான கருத்துகளோடு இருந்து படிப்படியாக விடுபட்டதாகவும் எழுதினார். வந்து இரண்டே ஆண்டுகளில் ஒருவர் இப்படி எழுதினாரென்றால், அந்த இரண்டு ஆண்டுகளும் அவருக்குள் எவ்வளவு வேலை செய்திருக்க வேண்டும்!

1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை விரிவாக எழுதி முடித்தார். இதற்காகத் தமிழரிடமே கேள்விகளை எழுதி அனுப்பி, அவர்கள் எழுதிய மறுமொழிகளைத் திரட்டினார். அவரும் உடன் ஊழியர் கிருண்ட்லரும் பெற்ற அத்தகைய தமிழ்க் கடிதங்கள் பல ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் குடிப்பழக்கத்தையும் தூய்மையின்மையையும் குறைகூறும் பகுதிகளும் அவற்றில் இருந்தன. தம் மக்களைக் குறித்து அந்நியர் சொல்லும் கசப்பான உண்மையைத் தம் மக்களே வாசிக்குமாறு அனுப்பிவைக்க ஒருவருக்கு எவ்வளவு நேர்மை வேண்டும்!

இந்த நேர்மைக்கு விலையும் உண்டு. தெய்வங்களைப் பற்றிய அந்தக் கையெழுத்துப்படியை அச்சிட ஹாலேயின் தலைவர் பிராங்கே உடன்படவில்லை. மிஷனரிகளை அனுப்பியது புறமதத்தை வேரறுக்கவே. அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கன்று என்பது அவர் கருத்து. சீகன்பால்குவை உருவாக்கிய ஆசான், அவரை நேசித்தவர், அவருக்காகக் காணிக்கை திரட்டியவர். அவராலேயே தம் மாணவர் கண்டதைக் காண இயலவில்லை. அந்நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. ஆசிரியர் மறைந்து ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அப்போஸ்தலர் நடபடிகள் 11-ஆம் அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கொர்நேலியுவின் வீட்டில் பேதுரு கண்டது பெரிது. ஆனால் எருசலேமுக்குத் திரும்பியதும், விருத்தசேதனமில்லாதவரோடு ஏன் உணவுண்டாய் என்ற கேள்வியே அவரை எதிர்கொண்டது. புறப்பட்ட இடத்தில் இருப்போர் அதே இடத்தில் நிற்கிறார்கள். சென்றவர் மட்டும் நகர்ந்திருக்கிறார். நீண்ட காலம் வெளிநாட்டில் வாழ்ந்த பலர் உணரும் தனிமை இது. அந்நிய தேசத்தில் அந்நியராய் இருப்பதைக்காட்டிலும் சொந்த வீட்டில் அந்நியராவது அதிகமாய் வலிக்கிறது. சீகன்பால்குவைச் சிறையில் அடைத்ததும் தமிழ் மன்னர் அல்லர் என்பதைக் கவனியுங்கள். ஏழை விதவை ஒருத்தியின் வழக்கில் அவர் பரிந்து பேசியதை ஒட்டி, 1708 நவம்பரில் டேனிய ஆளுநரே அவரைக் கோட்டையில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் அடைத்து வைத்தார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிற மக்களை அறிந்து மதிப்பதற்காக அவர் தம் விசுவாசத்தைக் கரைத்துவிடவில்லை. தமிழரின் வழிபாட்டை அவர் ஏற்றுக்கொண்டவரும் அல்லர். இறுதிவரை அதை மறுத்தே உரையாடினார். ஆனால் மணலில் தொடங்கிய கல்வியே அவருடைய சாட்சிக்கு நாவாயிற்று. 1708-இல் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711-இல் முடித்தார். அது 1714-15-இல் தரங்கம்பாடியிலேயே அச்சானது. பிறரை அறிவதால் விசுவாசம் குறைந்துவிடும் என்று அஞ்சுகிற நமக்கு அந்த வேதப்புத்தகமே பதில்.

1714-இல் அவர் ஐரோப்பாவுக்குப் பயணமானார். மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் சென்றார். ஹாலேயில் அவருடைய தமிழ் இலக்கண நூல் 1716-இல் வெளியாயிற்று. திருமணமும் நடந்தது. மெலிந்த உடல்நிலையைக் காரணம் காட்டி அங்கேயே தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ 1716-இல் மனைவியோடு தரங்கம்பாடிக்கு வந்துவிட்டார். பத்து ஆண்டுகளுக்கு முன் வந்தவர் அனுப்பப்பட்டு வந்தார். இம்முறை வந்தவர் வீடு திரும்பினார்.

திரும்பியவர் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டினார். 1718 அக்டோபரில் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதே காலத்தில் கோபன்ஹேகனிலிருந்து கடுமையான கடிதங்கள் வந்தன. ஊழியர்கள் அப்போஸ்தலரைப் போல நடந்து திரிந்து பிரசங்கிக்க வேண்டும். ஆலயமும் பள்ளிக்கூடமும் எழுப்பிக்கொண்டிருக்கக் கூடாது என்று மிஷன் சபையின் செயலாளர் வென்ட் வற்புறுத்தினார். எரேமியாவின் கடிதம் வீடு கட்டச் சொன்னது. கோபன்ஹேகனின் கடிதம் கட்டாதே என்றது. இந்த மனவேதனை அவருடைய நலிந்த உடலை மேலும் நலிவித்தது. 1719 பிப்ரவரி 23 அன்று, 36-ஆம் வயதில், அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். கட்டக் கூடாது என்ற கடிதங்களை இன்று நினைப்பவர் சிலரே. ஆலயமோ முந்நூறு ஆண்டுகள் கடந்து இன்றும் தரங்கம்பாடியில் நிற்கிறது. அதில் இன்றும் ஆராதனை நடக்கிறது.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிற அன்பு மகனே, மகளே, நீ இருக்கும் ஊரில் எத்தனை ஆண்டுகளாய் இருக்கிறாய்? அவ்வூர் மொழியில் உன் மேலாளரிடம் பேசுவதைத் தவிர, பக்கத்து வீட்டு முதியவரிடம் நலம் கேட்கத் தெரியுமா? உன்னோடு பணிபுரியும் வேற்றுநாட்டாரைக் குறித்து முதல் மாதத்தில் நீ கொண்ட அபிப்பிராயம் இன்றுவரை ஒருமுறையேனும் திருத்தப்பட்டதா? திருத்தப்படவே இல்லையென்றால், உன் உடல் மட்டுமே பயணம் செய்திருக்கிறது. அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக இந்த வாரம் பெயர் சொல்லி ஜெபி. ஜெபிக்கத் தொடங்கினால் அதன் மக்களை அறிய வேண்டியிருக்கும்.

ஊரில் இருந்து வாசிக்கிற பெற்றோரே, மூப்பர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. திரும்பி வருகிறவர்களிடம் சம்பளத்தையும் வீட்டுமனையையும் பற்றி விசாரிக்கிறோம். அங்கே என்ன கண்டாய், உன் எண்ணத்தில் எது மாறியது என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்? அவர்கள் கொண்டுவந்த கையெழுத்துப்படியை வாசிக்காமலே அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாதிருப்போம்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, தூரதேசங்களில் வாழும் எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். மீண்டும் பிள்ளைகளாய் அமர்ந்து கற்றுக்கொள்ளும் தாழ்மையை அவர்களுக்குத் தாரும். அவர்கள் கற்றுவந்ததைக் கேட்கும் செவிகளை எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், ஆமென்.

உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக.